கையால் கட்டிய முகாம் டிரெய்லருக்கு மின்வசதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் வட்டாரத்தில், காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சிறு டிரெய்லரை வெல்டிங் பட்டறையில் கொடுத்துக் கட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். மின்கம்பம் எட்டாத காட்டுக்குள் இருக்கும் குலதெய்வக் கோயிலில் ஓர் இரவு தங்குவதற்கும், தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்களுக்குப் பின்துணையாகப் போவதற்கும் அது பெரிதும் உதவுகிறது. ஆனால் கூண்டு தயாரானதும் எழும் முதல் குழப்பம் மின்சாரம்தான். திரும்பத் திரும்ப என் காதில் விழுந்த சந்தேகங்களைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன்படி டிரெய்லரும் பதிவு செய்யப்பட வேண்டிய வாகனமே. அந்த வேலையை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முடித்துக்கொள்ளுங்கள். இங்கே பேசப்படுவது மின்சாரம் மட்டும்.

சின்ன டிரெய்லருக்கு எத்தனை ஏஎச் (ஆம்பியர்-அவர்) பாட்டரி போட வேண்டும்? அதை மட்டும் சொன்னால் போதும்.

அதைச் சொல்வதற்கு முன் நீங்கள் ஒரு தாளில் கணக்குப் போட்டாக வேண்டும். நாலு பேர் தங்கும் ஓர் இரவை எடுத்துக்கொள்வோம். 20 வாட் விசிறிகள் இரண்டு, 10 மணி நேரம் ஓடினால் 400 வாட்-அவர். 5 வாட் எல்இடி விளக்குகள் நான்கு, 5 மணி நேரம் எரிந்தால் 100. நாலு கைபேசிகளுக்கு, ஒன்றுக்கு 20 வீதம், 80. தண்ணீர் பம்பு 50 வாட், மொத்தத்தில் அரைமணி நேரம் ஓடினால் 25. ஆகக் கூடுதல் 605 வாட்-அவர். 12 வோல்ட்டில் ஓடும் சிறு கம்ப்ரஸர் குளிர்பெட்டியும் வேண்டும் என்றால், 45 வாட்டில் நாளின் பாதி நேரம் ஓடுவதாக வைத்துக்கொண்டு இன்னும் 540 சேர்க்க வேண்டும். நம் ஊர் வெயிலில் அது கூடவே ஓடும், குறையாது.

இந்த 605 என்ற எண் கைக்கு வந்த பிறகுதான் பாட்டரியின் பேச்சு. குளிர்பெட்டி இல்லாத குடும்பத்துக்கு 12 வோல்ட் 100 ஏஎச் லித்தியம் பாட்டரி ஒன்று தாராளம். அதில் இருப்பது ஏறத்தாழ 1280 வாட்-அவர். எண்பது சதவீதம் மட்டும் பயன்படுத்தினாலும் 1000-க்கு மேல் கிடைக்கும். குளிர்பெட்டி வைத்திருப்பவர் பகலில் சோலார் இல்லாமல் ஒரு முழு நாளைக்கூட இதில் ஓட்ட முடியாது. பாட்டரியை முதலில் வாங்கிவிட்டு, பிறகு அது போதவில்லை என்று இரண்டாவதைத் தேடுவதால்தான் செலவு இரட்டிப்பாகிறது.

வாட், ஆம்பியர், ஏஎச் எல்லாம் ஒன்றுபோலவே தெரிகிறது. கடைக்காரர் சொல்வது புரியவில்லை.

வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். அது அந்த நொடியில் சாதனம் இழுக்கும் அளவு. வாட்டை மணி நேரத்தால் பெருக்கினால் வாட்-அவர். அது தீர்ந்துபோகும் இருப்பு. பாட்டரியின் ஏஎச் எண்ணை அதன் வோல்ட்டால் பெருக்கினால் அந்த இருப்பு தெரிந்துவிடும். இரண்டு பாட்டரிகளை ஒப்பிடும்போது ஏஎச்-ஐப் பார்க்காமல் வாட்-அவரைப் பாருங்கள். 24 வோல்ட் 50 ஏஎச்சும் 12 வோல்ட் 100 ஏஎச்சும் ஒரே இருப்புத்தான்.

வீட்டில் சும்மா கிடக்கும் இன்வெர்ட்டர் பாட்டரியையே தூக்கி வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் என்பதே என் பதில். வீட்டு இன்வெர்ட்டரோடு வரும் 150 ஏஎச் டியூபுலர் பாட்டரி ஐம்பது கிலோவுக்கு மேல் எடையுள்ளது. அதற்குள் திரவ அமிலம் இருக்கிறது. ஓரிடத்தில் அசையாமல் நிற்பதற்காகவே செய்யப்பட்டது. மண்சாலையில் டிரெய்லர் குலுங்கும்போது அமிலம் மூடி வழியாகக் கசியும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும். எட்டுக்கு ஐந்தடிக் கூண்டுக்குள் படுத்திருப்பவர்களின் தலைமாட்டில் அது சேரக் கூடாது.

ஈய அமில பாட்டரியைப் பாதிக்குமேல் காலி செய்தால் அதன் ஆயுள் விரைவாகக் குறையும். ஆகையால் முதல் கேள்வியின் கணக்குப்படி 100 ஏஎச் ஈய பாட்டரியில் உண்மையில் கைக்குக் கிடைப்பது 600 வாட்-அவர்தான். விடியும்போது மிச்சம் ஏதும் இராது. கையில் காசில்லாத நிலையில் ஈய பாட்டரிதான் என்றால், மூடப்பட்ட வகையை வாங்கி, வெளிப்பக்கம் காற்றுத்துளை உள்ள தனிப்பெட்டியில், பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டி வையுங்கள். காரின் ஸ்டார்ட்டிங் பாட்டரி இதற்கு எந்த வகையிலும் ஆகாது; நொடி நேரம் பெரிய ஆம்பியரைத் தள்ளுவதற்கான தகடுகள் அதற்குள் இருக்கின்றன, இரவெல்லாம் விசிறி ஓட்டுவதற்கானவை அல்ல.

லித்தியம் வெடிக்கும் என்கிறார்கள். சிக்ரி இருக்கிற ஊரில் இருந்துகொண்டு அதற்குப் பயப்படலாமா என்று என் மகன் கேட்கிறான். யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரியின் வேலையே இந்த வேதியியல்தான். லித்தியம் என்பது ஒரே பொருள் அல்ல என்பதே அந்த வேதியியலின் முதல் பாடம். கைபேசியிலும் பல மின்ஸ்கூட்டர்களிலும் உள்ள நிக்கல், கோபால்ட் கலந்த வகை, சூடேறினால் தானே ஆக்சிஜனை வெளியிட்டுத் தீயை வளர்க்கும். இரும்பு பாஸ்பேட் வகை அவ்வளவு எளிதில் அந்த நிலைக்குப் போகாது. டிரெய்லருக்கு இரும்பு பாஸ்பேட் வகையை மட்டுமே வாங்குங்கள், பெட்டியின்மேல் 12.8 வோல்ட் என்று எழுதியிருப்பது அதற்கு ஓர் அடையாளம்.

ஆனால் எந்த வகையாக இருந்தாலும், இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஒரு ஸ்பேனர் விழுந்தால் பாயும் மின்னோட்டம் இரும்பையே உருக்கிவிடும். உள்ளே பாதுகாப்புச் சுற்று இருக்கிறதே என்று அலட்சியம் வேண்டாம். வேலை செய்யும்போது மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட வேண்டும்; ஸ்பேனரின் பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்ற வேண்டும்; முனைகளுக்கு மூடி போட வேண்டும்.

விசிறி, விளக்கு எல்லாம் 12 வோல்ட்டிலேயே வாங்க வேண்டுமா? வீட்டுச் சாமான்களையே ஓட்ட முடியாதா?

ஓட்டலாம், ஆனால் அதற்கு இருமுறை விலை கொடுக்கிறீர்கள். வீட்டு மேசை விசிறி 50 முதல் 60 வாட் வரை இழுக்கும். 12 வோல்ட் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) விசிறி ஏறத்தாழ 20 வாட்டில் அதே காற்றைக் கொடுக்கும். அதோடு, 230 வோல்ட்டாக மாற்றித் தரும் இன்வெர்ட்டர் எதையும் ஓட்டாமல் சும்மா விழித்திருப்பதற்கே 10 வாட் வரை தின்னும். ஒரு நாள் முழுக்க அதை அணைக்க மறந்தால் 240 வாட்-அவர் போய்விடும்; அது நம் 100 ஏஎச் லித்தியத்தின் ஐந்தில் ஒரு பங்கு.

எனவே இரவில் தொடர்ந்து ஓடுபவை அனைத்தும் 12 வோல்ட்டில் இருக்கட்டும். கைபேசிக்கு 12 வோல்ட் யூஎஸ்பி சாக்கெட் போதும். இன்வெர்ட்டர் தேவைப்பட்டால், வீட்டு மின்சாரத்தைப் போன்ற சீரான அலை தரும் சைன் வேவ் வகையில் சிறியதாக ஒன்றை வைத்து, வேண்டிய நேரத்தில் மட்டும் போட்டு அணையுங்கள்.

ஆச்சிக்கு மிக்ஸி இல்லாமல் சமையல் ஆகாது. இன்டக்‌ஷன் அடுப்பும் ஏசியும் கூட ஓடுமா?

மிக்ஸி ஓடும். 500 வாட் மிக்ஸி ஒன்றைப் பத்து நிமிடம் ஓட்டினால் 100 வாட்-அவருக்குள்தான் செலவாகும். ஆனால் சுழலத் தொடங்கும் நொடியில் அது இரண்டு மூன்று மடங்கு இழுக்கும் என்பதால் 1000 வாட் சைன் வேவ் இன்வெர்ட்டராவது வேண்டும். அது முழுச்சுமையில் 12 வோல்ட் பக்கத்திலிருந்து 90 ஆம்பியருக்கு மேல் வாங்கும். அந்த இணைப்புக்கு 25 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரும் 125 ஆம்பியர் ஃப்யூஸும் தேவை. பாட்டரியின் பாதுகாப்புச் சுற்று தொடர்ச்சியாக 100 ஆம்பியர் தாங்குமா என்பதையும் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அம்மியில் அரைக்கத் தெரிந்த ஆச்சியாக இருந்தால் இந்தச் செலவு முழுவதும் மிச்சம். பொடிகளையும் மசாலாவையும் ஊரிலேயே அரைத்துக் கொண்டுவருவதும் ஒரு வழி.

2000 வாட் இன்டக்‌ஷன் அடுப்பு 12 வோல்ட்டில் 180 ஆம்பியரை எட்டும். சமையலுக்கு எரிவாயு அடுப்பை, கூண்டுக்கு வெளியே, காற்றோட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். ஏசி ஓர் இரவுக்குப் பல ஆயிரம் வாட்-அவர் கேட்கும் என்பதால் அந்த எண்ணத்தையும் விட்டுவிடலாம். நம் வீடுகளில் முகப்பிலிருந்து பின்கட்டு வரை வாசல்கள் ஒரே நேர்கோட்டில் இருப்பதால் காற்று தங்காமல் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். டிரெய்லரிலும் எதிரெதிர்ச் சுவர்களில் கம்பிவலை போட்ட சன்னல்களும், கூரையில் வெப்பத்தை வெளியே தள்ளும் சிறு விசிறி ஒன்றும், தகரத்துக்கு அடியில் இன்சுலேஷன் பலகையும், மேலே வெள்ளைப் பூச்சும் இருந்தால் பங்குனி வரை தூங்க முடிகிறது.

எந்த வயர் போடுவது? வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 1.5 ஸ்கொயர் எம்எம் சுருள் இருக்கிறது.

விளக்குகளுக்கு அது போதும், மற்றவற்றுக்குப் போதாது. 230 வோல்ட் வீட்டில் ஒரு வோல்ட் குறைந்தால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் ஒரு வோல்ட் குறைந்தால் பம்பு திணறும், குளிர்பெட்டி தானே அணைந்துவிடும். பாட்டரியிலிருந்து 5 மீட்டர் தொலைவில் 10 ஆம்பியர் வாங்கும் சாதனம் இருப்பதாகக் கொள்வோம். போகவும் வரவும் 10 மீட்டர் வயர். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் ஏறத்தாழ 1.2 வோல்ட் வழியிலேயே போய்விடும், 2.5-இல் 0.7, 4-இல் 0.44, 6-இல் 0.3. மூன்று சதவீதத்துக்குள், அதாவது 0.36 வோல்ட்டுக்குள் நிறுத்துவது நல்ல வழக்கம். ஆகவே இந்த இடத்துக்கு 6 என்பதே சரியான விடை.

பல மெல்லிய இழைகள் கொண்ட செம்பு வயரையே வாங்குங்கள். ஒற்றைக் கம்பி வயர் சாலைக் குலுக்கலில் முறிந்துவிடும். அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு கொடுத்த மலிவு வயர் எடையில் காட்டிக்கொடுக்கும். முனையைச் சீவிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக இருக்கும். தகரத்தில் துளையிட்டு வயரை நுழைக்கும் ஒவ்வோர் இடத்திலும் ரப்பர் வளையம் போடாவிட்டால், துளையின் விளிம்பு சில மாதங்களில் உறையை அறுத்துவிடும்.

நான் ஓர் எம்சிபி போட்டுவிட்டேன். ஃப்யூஸ் வேறு எதற்கு?

வீட்டுக்கான எம்சிபி, அதாவது மின்னோட்டம் மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச், ஏசி எனும் மாறுதிசை மின்சாரத்துக்கானது. ஏசியில் மின்னோட்டம் நொடிக்கு 100 முறை பூச்சியத்தைத் தொட்டுப் போவதால், முனைகள் பிரியும்போது எழும் தீப்பொறி அந்த இடைவெளியில் அணைந்துவிடுகிறது. பாட்டரியின் டிசி எனும் நேர்திசை மின்சாரத்துக்கு அந்த ஓய்வு கிடையாது. பொறி நீண்டு, எம்சிபியின் உள்ளேயே எரியத் தொடங்கும். டிசி என்று குறிக்கப்பட்ட எம்சிபி அல்லது வண்டிகளில் போடும் பிளேடு ஃப்யூஸ் மட்டுமே இங்கு உதவும்.

ஃப்யூஸ் இருப்பது சாதனத்தைக் காப்பதற்கு அன்று, வயரைக் காப்பதற்கு. இதை மனத்தில் வைத்தால் அளவும் இடமும் தாமாகத் தெரியும். பாட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு ஒரு கையளவு தூரத்துக்குள் தலைமை ஃப்யூஸ் இருக்க வேண்டும், ஏனென்றால் பாட்டரிக்கும் ஃப்யூஸுக்கும் இடைப்பட்ட வயருக்கு எந்தக் காவலும் கிடையாது. பிறகு ஒவ்வொரு கிளைக்கும் தனி ஃப்யூஸ்: 1.5 சதுர மில்லிமீட்டருக்கு 10 ஆம்பியர், 2.5-க்கு 15, 4-க்கு 20, 6-க்கு 30 என்பவை மூடிய கூண்டின் வெப்பத்தையும் கணக்கில் கொண்ட, அடக்கமான அளவுகள். ஃப்யூஸ் எரிந்துகொண்டே இருந்தால் பெரியதை மாட்டுவது தீயை அழைப்பதாகும், காரணத்தைத் தேடுங்கள்.

வயர் முனையைச் சாலிடர் செய்வதா, லக் போட்டு அமுக்குவதா?

லக், அதாவது வயர் முனையில் மாட்டும் உலோகக் குழல், போட்டு அமுக்குவதுதான். ஈயம் ஊறிய இடம் கம்பிபோல் விறைத்து, அது முடியும் எல்லையில் குலுக்கலில் முறியும். லக்கின் குழல் எவ்வளவு நீளமோ அவ்வளவு மட்டும் உறையைச் சீவி, ஓர் இழைகூட வெளியே நிற்காமல் முறுக்கி நுழைத்து, அறுகோண அச்சுள்ள அமுக்கியால் இருமுறை அமுக்குங்கள். குறடு கொண்டு நசுக்குவது அமுக்குவது ஆகாது. பிறகு லக்கை வைஸில் பிடித்து வயரை முழு பலத்தோடு இழுங்கள். வழுக்கி வந்தால் இப்போதே வரட்டும். அதன்மேல் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் உறையைச் சுட்டு இறுக்கினால் மழைக்கால ஈரம் உள்ளே போகாது.

எல்லாம் மாட்டிய பிறகு விசிறி, விளக்கு, பம்பு அனைத்தையும் அரைமணி நேரம் ஓடவிட்டு, ஒவ்வொரு ஃப்யூஸ் பிடிப்பானையும் லக்கையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கும் இடத்தில் இணைப்பு தளர்ந்திருக்கிறது. இந்தச் சோதனையைச் செய்யாமல் யாரையும் உள்ளே தூங்க வைக்காதீர்கள்.

காரில் பாடிதானே நெகடிவ்? டிரெய்லரிலும் ஒரு வயரை மிச்சப்படுத்தலாமே?

கூடாது. பட்டறையில் பற்றவைத்த சட்டம் துருப்பிடிக்கும், பெயின்ட் தடுக்கும், கீல்களில் தொடர்பு விட்டுவிட்டு வரும். ஒவ்வொரு கிளைக்கும் நெகடிவ் வயரைத் தனியாகக் கொண்டுபோய், வயர்களைச் சேர்க்கும் உலோகப் பட்டையான ஒரே பஸ்பாரில் சேருங்கள். பின்விளக்கு, பிரேக் விளக்கு, இண்டிகேட்டர் ஆகியவை காரிலிருந்து ஏழு பின் பிளக் வழியாகவே வர வேண்டும். அவற்றைக் கூண்டின் பாட்டரியோடு கலக்காதீர்கள். அந்தப் பிளக்கிலும் நெகடிவுக்குத் தனிப் பின் உண்டு; டிரெய்லரை மாட்டும் கொக்கிக் குண்டையே நெகடிவாக நம்பினால் விளக்கு மினுக்கும்.

200 வாட் சோலார் பேனல் போதுமா?

நம் பகுதியில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரத்துக்கு நிகரான முழு வெயில் கிடைக்கும். 200 வாட்டை ஐந்தால் பெருக்கினால் 1000. அதில் எழுபது சதவீதம், அதாவது 700 வாட்-அவர் கையில் வந்து சேரும். முதல் கேள்வியின் 605-க்கு இது சரியாக இருக்கிறது. குளிர்பெட்டி உள்ளவருக்கு 330 வாட்டுக்குக் குறையாமல் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இதில் கால்பங்கு கிடைத்தாலே பெரிது என்று திட்டமிடுங்கள்.

முப்பது சதவீதம் எங்கே போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. பேனலின்மேல் எழுதிய வாட், அதன் செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. சித்திரை வெயிலில் செல் 65 டிகிரியைத் தாண்டும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 முதல் 0.4 சதவீதம் குறையும்போது அங்கேயே ஏறத்தாழ பதினைந்து போய்விடுகிறது. கூரையோடு ஒட்டாமல் இரண்டு அங்குல இடைவெளி விட்டு ஏற்றினால் அடியில் காற்று ஓடி அதில் கொஞ்சம் மீளும். செம்மண் புழுதி படிந்தால் இன்னும் குறையும். காலையில் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். பேனலுக்கும் பாட்டரிக்கும் இடையே சார்ஜை ஒழுங்குபடுத்தும் கன்ட்ரோலர், பேனலின் முழுத்திறனையும் பிடித்தெடுக்கும் எம்பிபிடி வகையாக இருக்கட்டும். இணைக்கும்போது முதலில் பாட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல். இந்த வரிசை மாறினால் கன்ட்ரோலர் பழுதாகலாம்.

வெயிலில் நிறுத்தினால் கூண்டு கொதிக்கிறது, புளியமரத்தடியில் நிறுத்தினால் சார்ஜ் ஏறவில்லை. என்ன செய்வது?

இது நியாயமான சிக்கல். பேனலில் செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருப்பதால், ஒரு கிளையின் நிழல் ஓர் ஓரத்தில் விழுந்தாலும் மின்சாரம் நிழலின் அளவைவிடப் பல மடங்கு குறையும். கூரையில் ஒரு பேனலும், கழற்றி வெயிலில் சாய்த்து வைக்க இன்னொரு பேனலும் வைத்துக்கொள்வதே நல்ல தீர்வு. பேனல் 18 வோல்ட்டுக்குமேல் கொடுப்பதாலும், எம்பிபிடி அதைத் தாழ்த்தித் தருவதாலும், 10 மீட்டர் நீள 4 சதுர மில்லிமீட்டர் வயரில் இழப்பு தாங்கக்கூடியதே. கன்ட்ரோலரைப் பேனலின் பின்புறத்தில் வைக்காமல் பாட்டரியின் அருகில் வையுங்கள். நிழல் வெவ்வேறாக விழும் இரண்டு பேனல்களை வரிசையாகக் கோக்காமல் இணையாகக் கோக்க வேண்டும்.

பாதயாத்திரைக்குக் கொண்டுபோகிறோம். கார் ஓடும்போதே சார்ஜ் ஆகிவிடாதா?

ஒரே மூச்சில் பழனிக்குக் காரை ஓட்டிப் போகிறவருக்கு ஆகும். காரின் மின்சாரத்தை அளவாக வாங்கிக் கூண்டின் பாட்டரிக்கு ஏற்ற வோல்ட்டில் தரும் 20 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் ஒன்று மணிக்கு ஏறத்தாழ 270 வாட்-அவர் ஏற்றும். மூன்று மணி நேரப் பயணத்தில் 800 கிடைக்கும். ஆனால் குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று நடப்பவர்களைத் தொடர்ந்து போகும் வண்டி, நாள் முழுக்க நின்று, இடையே கொஞ்ச தூரம் மட்டும் ஓடும். எஞ்சின் ஓடும் நேரம் ஒரு மணியைக்கூடத் தொடாத நாள்கள் உண்டு. அந்த யாத்திரையில் உங்களைக் காப்பது சோலார்தான். தை மாதம் வானம் பெரும்பாலும் தெளிந்திருப்பது நல்ல வேளை. ஆனால் நடப்பவர்கள் அனைவரும் கைபேசி சார்ஜுக்கு உங்களிடம்தான் வருவார்கள். முதல் கேள்வியின் கணக்கில் நாலு கைபேசியை இருபதாக மாற்றிக்கொள்ளுங்கள்.

கார் பாட்டரியிலிருந்து நேராக ஒரு வயரை இழுத்து லித்தியத்தோடு இணைப்பது ஆபத்து. லித்தியம் தடையின்றி இழுக்கும். காரில் மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகும். பல புதிய கார்களில் எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக ஆல்டர்னேட்டர் தன் வோல்ட்டைத் தாழ்த்திவிடும் என்பதால் சார்ஜும் முழுதாக ஏறாது. இரண்டுக்கும் டிசி-டிசி சார்ஜரே மருந்து. அதன் வயருக்குக் காரின் பாட்டரிப் பக்கம் ஒன்று, டிரெய்லர் பாட்டரிப் பக்கம் ஒன்று என இரண்டு முனைகளிலும் ஃப்யூஸ் வேண்டும்.

பெரிய வீட்டு வளவில் நிறுத்தும்போது நீட்டிப்பு வயரில் பிளக் போட்டுக்கொள்ளலாம் அல்லவா?

போடலாம், ஆனால் முதலில் அந்த வீட்டின் எர்த்தைப் பாருங்கள். மரச்சட்டத்தின்மேல் ஓடும் பழைய வயரிங் உள்ள வீடுகளில், மூன்று துளை சாக்கெட் இருந்தாலும் அதன் மேல்துளைக்குப் பின்னால் எர்த் வயரே இல்லாமல் இருக்கலாம். மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230-ஐ ஒட்டியும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சில வோல்ட்டுக்குள்ளும் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அங்கே பிளக் போடாதீர்கள். காட்டினாலும் எர்த் வலுவாக இருக்கிறது என்று பொருளல்ல. உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு எர்த் டெஸ்டரால் அளந்துகொள்ளுங்கள். டிரெய்லர் முழுவதும் உலோகம், கீழே ரப்பர் சக்கரம். ஓர் ஃபேஸ் வயர் தகரத்தைத் தொட்டால் கூண்டு முழுவதும் 230 வோல்ட்டில் நிற்கும். ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று கதவைத் திறக்கும் குழந்தைதான் அதன் எர்த் ஆகும்.

ஆகவே டிரெய்லருக்குள் வயர் நுழையும் இடத்தில் மின்கசிவைக் கண்டதும் தானே விழும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும், இரட்டைத் துருவ எம்சிபி ஒன்றும் கட்டாயம். உடல் வழியாகக் கசிவு ஏற்பட்டால் ஆர்சிசிபி எர்த் இல்லாத இடத்திலும் விழும். எர்த் இருந்தால் யாரும் தொடுவதற்கு முன்பே விழும். இரண்டும் வேண்டும் என்பது அதனால்தான். சட்டத்தோடு எர்த் வயரைப் பெயின்ட் சுரண்டிய இடத்தில் போல்ட் போட்டு இணைத்து, மாதம் ஒருமுறை ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். நீட்டிப்பு வயரைச் சுருளாகவே வைத்து ஓட்டினால் சூடேறும், முழுவதும் விரித்துவிடுங்கள். இடி மின்னல் வந்தால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

இன்வெர்ட்டரில் ஓடும்போதும் அந்த ஆர்சிசிபி காப்பாற்றுமா?

பல சிறிய இன்வெர்ட்டர்களில் காப்பாற்றாது. அவற்றின் இரண்டு வெளியீட்டு முனைகளும் எர்த்தோடு தொடர்பின்றி மிதப்பவை. கசிந்த மின்னோட்டம் திரும்பிச் செல்ல வழியில்லாததால் ஆர்சிசிபிக்கு வேறுபாடு தெரியாது. நியூட்ரலை நாமாகச் சட்டத்தோடு இணைத்தால் சில இன்வெர்ட்டர்கள் எரிந்துவிடும். தயாரிப்பாளரின் கையேடு அனுமதித்தால் மட்டும், அதில் சொன்னபடி, மின்பணியாளரைக் கொண்டு செய்யுங்கள். இல்லையென்றால் இன்வெர்ட்டரில் ஒரே சாதனத்தை மட்டும் நேராக மாட்டி ஓட்டுங்கள்.

வீட்டு மின்சாரமும் இன்வெர்ட்டரும் ஒரே சாக்கெட்டுகளுக்கு வருவதாக இருந்தால், ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்தே மாற்றும் இரட்டைத் துருவ சேஞ்ச்ஓவர் சுவிட்ச் நடுவில் இருக்க வேண்டும். இரு முனைகளிலும் பின் உள்ள வயரைச் செய்து சாக்கெட்டில் குத்துவதை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். கையில் பிடித்திருக்கும் மறுமுனையில் 230 வோல்ட் திறந்து நிற்கும்.

திருவிழாவுக்கு சீரியல் செட் போடுகிறார்கள். அந்தக் கம்பத்திலிருந்தே ஒரு வயர் எடுத்துக்கொண்டால் என்ன?

கொக்கி போடுவது மின்சாரச் சட்டம் 2003-இன் பிரிவு 135-இன்படி மின்திருட்டு. மூன்றாண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். அதைவிட, அங்கே எர்த்தும் கிடையாது, காவலும் கிடையாது. கோயில் நிர்வாகத்திடம் கேட்டு அவர்களுடைய முறையான இணைப்பிலிருந்து, மேலே சொன்ன சோதனைகளோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

சின்ன ஜெனரேட்டர் ஒன்று வைத்துக்கொண்டால் இத்தனை தொல்லையும் இல்லையே?

அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர்களை எழுப்பாமலே கொன்றுவிடும். ஓட்டியே ஆக வேண்டுமென்றால் கூண்டிலிருந்து இருபது அடிக்கு அப்பால், காற்று நம் பக்கம் வீசாத திசையில், பகலில் மட்டும் ஓட்டுங்கள். சத்தத்தையும் எண்ணிப் பாருங்கள். திருப்பத்தூருக்கு அருகிலுள்ள வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை. அந்தக் கண்மாய்ப் பக்கம் ஜெனரேட்டரோடு போய் இறங்குவது முறையல்ல.

சித்திரையில் மதியம் நல்ல வெயில் அடிக்கும்போது சார்ஜ் நின்றுவிடுகிறது. பாட்டரி போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. முதலில் பாட்டரி ஏற்கெனவே நிரம்பிவிட்டதா என்று பாருங்கள். நிரம்பினால் கன்ட்ரோலர் தானே நிறுத்தும். நிரம்பவில்லை என்றால் வெப்பம்தான் காரணமாக இருக்கும். இரும்பு பாஸ்பேட் பாட்டரிக்கு 45 டிகிரிக்குமேல் சார்ஜ் ஏற்றுவது நல்லதல்ல. ஒரு வரம்பைத் தாண்டினால் உள்ளேயிருக்கும் பாதுகாப்புச் சுற்று சார்ஜைத் துண்டித்துவிடும். மூடிய தகரக் கூண்டு கத்திரி வெயிலில் ஐம்பதை எளிதாகத் தாண்டும். பாட்டரியைக் கூரைக்கருகில் வைக்காமல், தரையோடு, அச்சுக்குச் சற்று முன்னால், காற்று புகும் பெட்டியில் வையுங்கள். இழுக்கும்போது டிரெய்லர் ஆடாமல் இருப்பதற்கும் அந்த இடமே ஏற்றது. பழனியிலிருந்து அப்படியே கொடைக்கானலுக்கு ஏறுகிறவர்களுக்கு நேர்மாறான எச்சரிக்கை: பூச்சியம் டிகிரிக்குக் கீழே லித்தியத்துக்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது.

மீட்டர் 13.2 வோல்ட் காட்டுகிறது. எவ்வளவு மிச்சம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஈய பாட்டரியில் வோல்ட்டைப் பார்த்து ஓரளவு சொல்லிவிடலாம்: ஓய்வில் 12.7 என்றால் நிறைவு, 12.1 என்றால் பாதி. லித்தியத்தில் அது பயன்படாது. முப்பது சதவீதத்திலிருந்து எண்பது வரைக்கும் வோல்ட் ஏறக்குறைய அசையாமல் நின்று, கடைசியில் சட்டென்று சரியும். நெகடிவ் வயரில் ஷண்ட் மீட்டர் ஒன்றைப் போடுங்கள். உள்ளே போன ஆம்பியரையும் வெளியே வந்த ஆம்பியரையும் எண்ணி மிச்சத்தைச் சொல்லும். எல்லா நெகடிவ் வயர்களும் அந்த ஷண்டைத் தாண்டியே பாட்டரிக்குப் போக வேண்டும். ஒன்று தப்பினாலும் கணக்கு பொய்யாகும்.

நாங்கள் வெளியூரில் இருக்கிறோம். அப்பச்சி மட்டும்தான் ஊரில். அடுத்த விசேஷம் வரை டிரெய்லர் சும்மா நிற்குமே?

லித்தியத்தைப் பாதி சார்ஜில் விட்டு, முதலில் பேனலைத் துண்டித்து, பிறகு தலைமை சுவிட்சை அணைத்துவிடுங்கள். சில மாதங்கள் அப்படியே இருக்கும். ஈய பாட்டரியை முழுச் சார்ஜில் விட வேண்டும், மாதம் ஒருமுறை ஏற்றவும் வேண்டும். அப்பச்சிக்கு அந்தச் சுமையைக் கொடுப்பதற்குப் பதிலாகப் பாட்டரியைக் கழற்றி வீட்டில் நிரந்தரச் சார்ஜரில் வைத்துவிடுவது மேல். பின்கட்டிலும் வண்டிக் கொட்டகையிலும் எலியும் அணிலும் வயரைக் கடிக்கும். வயர் நுழையும் துளைகளில் கம்பிவலை அடைத்து, தானியம், பொரி, பிரசாதம் எதையும் உள்ளே விடாமல் பூட்டுங்கள். திரும்ப எடுக்கும்போது பிளக் போடுவதற்கு முன் வயர்களைக் கண்ணால் முழுவதும் பார்த்து, பத்தோடு பதினொன்றாக எண்ணாமல், அந்தப் புறங்கைச் சோதனையை மீண்டும் செய்யுங்கள்.

இதையெல்லாம் நானே செய்துகொள்ளலாமா?

பொறுமையும் மல்டிமீட்டரும் இருப்பவர் 12 வோல்ட் பக்கத்தைத் தாமே செய்யலாம். 230 வோல்ட் பக்கத்தை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விட்டுவிடுங்கள். இருவரும் சேர்ந்து ஒரு படம் வரைந்து, ஒவ்வொரு வயரின் அளவையும் ஃப்யூஸின் எண்ணையும் அதில் எழுதி, பாட்டரிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டி வைக்க வேண்டும். இருட்டில் ஏதேனும் நின்றுபோனால், கட்டியவர் அருகில் இல்லாதபோதும் அது உதவும்.

தலைமை சுவிட்சைக் கூண்டுக்கு வெளியிலிருந்து கை எட்டும் இடத்தில் பொருத்துங்கள். 2 கிலோ ஏபிசி உலர்பொடி தீயணைப்பான் ஒன்றை, அடுப்பின் அருகிலோ பாட்டரியின் அருகிலோ வைக்காமல், கதவின் உட்பக்கத்தில் மாட்டுங்கள். புகை தெரிந்தால் முதலில் ஆட்கள் வெளியேற வேண்டும், பிறகு சுவிட்ச், அதன் பிறகே அணைப்பான்.